மழைக்கோட்டுக்கு அடியில் மலைக்கடா

புர்மகான் குதிரையிலிருந்து விழுந்ததே இல்லை என்று ஊரில் சொல்வார்கள். விழுந்திருக்கிறாள். யாரும் இல்லாத இடமாகப் பார்த்து விழுந்து, யாரும் வருவதற்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். தன்னைப் பற்றி நாலு பேர் நல்லபடியாகப் பேச வேண்டும் என்ற ஆசை அவளுக்குச் சின்ன வயதிலேயே பிடித்தது. ஐம்பதைத் தாண்டியும் விடவில்லை.

பேசுவதற்கு விஷயமும் இல்லாமல் இல்லை. வீட்டிலிருந்த வேட்டைத் துப்பாக்கி அவள் புருஷன் இமானலியுடையது. லாரி கவிழ்ந்து அவன் முழங்கால் மடங்காமல் போன பிறகு, "சும்மா ஆணியில தொங்குது, நீதான் எடுத்துட்டுப் போயேன்" என்று ஒரு நாள் விளையாட்டாகச் சொன்னான். அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த பருவத்தில் வேட்டை அனுமதி அவள் பெயரில் இருந்தது. அது முதல் அந்த வீட்டில் ரொட்டி சுடுவது இமானலி, மலைக்குப் போவது புர்மகான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த ஊர், அவள் சேணத்தில் கட்டிக் கொண்டுவந்த கறியைத் தின்றதும் சிரிப்பதை விட்டுவிட்டது.

தோட்டத்தையும் அவள் வேட்டைக்காரியாகத்தான் பார்த்துக்கொண்டாள். முட்டைக்கோஸைக் கடிக்க வரும் முயலுக்காக, விடிகிற நேரத்தில் கொட்டகை ஓரம் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். முயல் வரும். மத்தியானம் அது குழம்பில் கோஸோடு சேர்ந்தே கொதிக்கும். அவர்கள் ஊர் இருந்த மலையடிவாரத்தில் மண் பாதி, கல் பாதி. அந்தக் கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி வேலியாக அடுக்கி, உள்ளே உருளைக்கிழங்கும் பூண்டும் கேரட்டும் போட்டு, ஓரத்தில் ஆப்ரிகாட் மரங்களும் வைத்திருந்தாள். கையில் எப்போதும் மண்ணோ துப்பாக்கி மருந்தின் கரியோ ஒட்டியிருக்கும்.

கொடுப்பதிலும் அவள் தாராளம். அந்தப் பக்கத்தில் வேட்டை முடிந்து திரும்புகிறவரை வழியில் யார் பார்த்தாலும் 'ஷிரால்கா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேட்டைக்காரர் இறங்கிக் கத்தியை எடுத்துச் சொன்னவருக்கு ஒரு பங்கு அறுத்துக் கொடுத்துவிடுவார். சொந்தமா, பகையா, முன்பின் தெரியாதவரா என்ற பேச்சே கிடையாது. மலை கொடுத்ததை ஒரே வீட்டுக்குள் கொண்டுபோய் வைப்பது கேவலம். கேட்கக் கூச்சப்பட்டு நிற்பவர்களைக்கூட, "சொல்லுங்க, வாயத் தொறந்து சொல்லுங்க" என்று சொல்லவைத்துக் கொடுத்தவள் புர்மகான். அப்படிப்பட்டவள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

எல்லாம் ஒரு வாய்க்கால் தண்ணீரில் ஆரம்பித்தது. மேல்வீட்டு அனார்குல் அவளுக்கு ஓரகத்தி முறை. வயதில் மூத்தவள். வாயிலும் மூத்தவள். அந்தக் கோடையில் புர்மகானின் தண்ணீர் முறை வந்த நாளில் அவள் மலையில் இருந்தாள். மடங்காத காலோடு இமானலியால் வாய்க்காலில் இறங்க முடியாது, மடை திறக்க ஆளில்லை. அனார்குல் தண்ணீரைத் தன் மரங்களுக்கே விட்டுக்கொண்டாள். கோஸ் வாடிச் சுருண்டது. புர்மகான் நியாயம் கேட்கலாம் என்று ஒரு தொட்டில் விருந்துக்குப் போனாள். வாயைத் திறப்பதற்குள் அனார்குல் முந்திக்கொண்டாள்.

"மலைக்கடா எந்தப் பாறையில தூங்குதுன்னு இவளுக்குத் தெரியும். சொந்த வாய்க்கால் எங்க ஓடுதுன்னு தெரியாது. அந்தக் கடாவையே கூட்டிட்டு வந்து கோஸுக்குத் தண்ணி ஊத்தச் சொல்லு."

பெண்கள் எல்லாரும் தேநீர்க் கிண்ணத்துக்குள் சிரித்தார்கள். புர்மகானும் சிரித்து வைத்தாள். அன்றிலிருந்து அனார்குலைப் பார்த்தால் ஸலாம், அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. மனதுக்குள் மட்டும் அந்தச் சிரிப்பு ஓயவே இல்லை.

இலையுதிர்காலம் முடிகிற சமயம் சம்பந்தி வீட்டார் முதல் தடவையாக வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். மகளைக் கட்டிக்கொடுத்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. சம்பந்தி அம்மா ஜெய்னெப் நகரத்துக்காரி, எதையும் ஏற இறங்கப் பார்ப்பவள். "எங்க வீட்டுல உங்களுக்கு மலைக்கடாக் கறிதான்" என்று புர்மகான் போனிலேயே பெருமையடித்துவிட்டாள். சொன்னபடி மலைக்குப் போனாள். பனி கட்டிய ஓடைக்கு மேலே, காற்று முகத்தில் அடிக்கிற பக்கமாகப் பதுங்கி, ஒரே குண்டில் நல்ல கொம்புள்ள கடா ஒன்றை விழ வைத்தாள். குடலை எடுத்துச் சுத்தம் செய்து குதிரையில் ஏற்றியபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இறங்கும் வழியில் பெய்ஷெனின் குடிசை. ஊர் ஆடுகளையெல்லாம் மேய்ப்பவன் அவன். ஒரு காலத்தில் மிதக்க மிதக்கக் குடித்தவன், வசந்தத்திலிருந்து ஒரு சொட்டும் தொடவில்லை. தொடவில்லை என்பதை ஊர் இன்னும் நம்பவில்லை, அது வேறு விஷயம். குதிரை குடிசையை நெருங்குவதற்குள் அவன் கையைத் தூக்கினான்.

"ஷிரால்கா, அக்கா. தூரத்துலேந்தே சொல்லிட்டேன், அப்புறம் காதுல விழலன்னு சொல்லக் கூடாது."

"உனக்கில்லாததா. எந்தக் கால் வேணும், சொல்லு."

"நடக்குற காலாப் பாத்துக் குடுங்க. எங்கிட்ட இருக்குற ரெண்டும் சரியில்ல."

அவள் சிரித்தபடி ஒரு முன்னங்காலை முழுசாக அறுத்துக் கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கி, அவள் குதிரைக்கும் துப்பாக்கிக்கும் சேர்த்து வாழ்த்துச் சொன்னான். மனசு நிறைந்து கீழே இறங்கினாள். ஆற்றுப் பாலம் கண்ணில் பட்டது. பாலத்துக்கு அந்தப் பக்கம், வழி தவறிய கன்றுக்குட்டியைத் தேடிக்கொண்டு அனார்குல் வந்துகொண்டிருந்தாள்.

இந்த வாய்க்குப் போயா நான் கறி அறுத்துக் கொடுப்பது என்று புர்மகானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யோசிக்கக்கூட இல்லை. சேணத்தில் சுருட்டி வைத்திருந்த பெரிய மழைக்கோட்டை உதறிக் கடாவின் மேல் போட்டு, தலையையும் கொம்பையும் தன் முழங்காலுக்கு அடியில் அழுத்திக்கொண்டாள். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

"வழி நல்லா இருந்துச்சா?" என்றாள் அனார்குல், பாலத்தின் நடுவில்.

"எங்க நல்லா இருந்துச்சு அக்கா. சேணம் காலி. இந்த வாட்டி அமையல."

அனார்குல் அவளைப் பார்த்தாள், குதிரையைப் பார்த்தாள், மழைக்கோட்டைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள் போல உதடு பிரிந்து மூடியது. பிறகு தன் மடியிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துப் பாதியாகப் பிய்த்து மேலே நீட்டினாள்.

"சாப்பிடு. வெறுங்கையோட திரும்புனா பசி ரெண்டு மடங்கு இருக்கும்."

புர்மகான் வாங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்வது? கடாவின் கொம்பு முழங்காலில் குத்த, அவள் குதிரை மேல் உட்கார்ந்து அந்த ரொட்டியை மென்று முழுங்கினாள்.

வீட்டில் இமானலி வாசலுக்கு வந்து மழைக்கோட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குஷியாகச் சீட்டியடித்தான். அவள் நடந்ததைச் சொன்னதும் சீட்டி நின்றது.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"வாயில வந்துடுச்சு."

"சரி, இப்ப இத எங்க வெக்கிறது? கொட்டகையில தொங்கவிட்டா தெருவுக்கே தெரியும்."

தோட்டத்துக் கோடியில் உருளைக்கிழங்கு போட்டு வைக்கும் நிலவறை இருந்தது. இருவரும் சேர்ந்து கடாவை அதற்குள் இறக்கி, சாக்குகளால் மூடி, மேலே கிழங்கைக் கொட்டினார்கள். விருந்தன்று இரண்டு நாள் பழசு என்று தெரியாமல் வெளியே எடுத்து, 'அடுத்த நாள் அமைஞ்சுது' என்று சொல்லிவிடலாம் என்பது புர்மகானின் கணக்கு.

கணக்கு மறுநாள் காலையிலேயே கெட்டது. முதலில் எதிர்வீட்டுப் பெண் ஒரு தட்டில் வாட்டிய கறி கொண்டுவந்தாள். "கேள்விப்பட்டோம் அக்கா. உங்க சேணம் காலியாத் திரும்பறது நடக்குற கதையா? சம்பந்தி வர்ற நேரம் பாத்து இப்படி." அவள் போவதற்குள் இன்னொருத்தி குதிரைக்கறிச் சுருளோடு வந்தாள். மத்தியானத்துக்குள் தெரு முழுக்க வந்துபோனது. கடைசியில் அனார்குலின் மகன் ஓர் ஆட்டின் பின்பக்கத்தை முழுசாகத் தோளில் சுமந்து வந்து, "அம்மா குடுத்தாங்க" என்று அடுப்படியில் இறக்கினான். இத்தனை வருடம் புர்மகான் கொடுத்ததையெல்லாம் ஊர் ஒரே நாளில் திருப்பிக் கொடுத்தது. இனி நிலவறையிலிருந்து கடாவை எப்படி எடுப்பது? எடுத்தால், 'அப்போ எங்க கறிய எதுக்கு வாங்கின' என்று கேட்பார்களே.

ஒவ்வொரு தட்டுக்கும் அவள் நன்றி சொன்னாள். ஒவ்வொரு நன்றிக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இமானலி மாவு பிசைந்துகொண்டிருந்தான். கிழங்கு எடுக்க நிலவறைக்குப் போகச் சொன்னால் மட்டும், "நீயே போ, எனக்கு அந்தக் கடா மூஞ்சியப் பாக்கக் கஷ்டமா இருக்கு" என்றான்.

சம்பந்திகள் வந்தார்கள். விருந்துக்குத் தெருப் பெரியவர்களும் வந்தார்கள், அனார்குலும் வந்தாள். ஊர் கொடுத்த கறியும் மாவுப் பட்டையுமாகப் பெஷ்பர்மாக் கொதித்தது. ஜெய்னெப் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, எல்லாரும் கேட்க ஒரு பேச்சுப் பேசினாள். எங்க நகரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பேரே தெரியாது, இங்கே ஒரு வேட்டை அமையாமல் போனதற்கு ஊரே தோள் கொடுக்கிறது, என் மருமகள் வளர்ந்த ஊர் இது என்பதில் எனக்குப் பெருமை என்றாள். ஆட்டின் பின்பக்கத்தையே கொடுத்த அனார்குலுக்கு எழுந்து நின்று தனியாக நன்றி சொன்னாள். புர்மகானின் தட்டில் கறி அப்படியே ஆறிக்கிடந்தது.

அந்த நேரம் பார்த்துப் பெய்ஷென் உள்ளே நுழைந்தான். மாவு வாங்கக் கீழே வந்தவன், விருந்து நடக்கிற வீட்டைத் தாண்டிப் போவது மரியாதை இல்லை என்று தலைகாட்ட வந்திருந்தான். கதவோரம் உட்கார வைத்துக் கிண்ணம் கொடுத்தார்கள். ஒரு வாய் தின்றுவிட்டு நிமிர்ந்தான்.

"இது ஆடுல்ல? அக்கா, அந்தக் கடா எங்க? எனக்குக் குடுத்த முன்னங்காலே என்னா ருசி. சம்பந்திக்குப் போடாம யாருக்கு வெச்சிருக்கீங்க?"

"எந்தக் கடா?" என்றாள் ஜெய்னெப். "அமையலன்னு சொன்னாங்களே."

புர்மகானின் முகத்தில் ஈயாடவில்லை. கையில் தேநீர்க் கெட்டில் இருந்தது. அறையில் எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்புவதற்குள் அனார்குலின் குரல் வந்தது.

"பெய்ஷென், அது போன வருஷம் குடுத்தது. நான்தான் கூட இருந்தேனே."

"போன வருஷமா? இல்ல, இப்பதான், ரெண்டு நாள் முன்னாடி..."

"பாட்டிலுக்குள்ள வருஷம் கலந்துபோச்சு அவனுக்கு" என்று யாரோ சொல்ல, அறையே சிரித்தது. ஜெய்னெப்பும் சிரித்தாள்.

"நான் வசந்தத்துலேந்து தொடவே இல்ல" என்றான் பெய்ஷென். சிரிப்பு கூடியது. அவன் புர்மகானைப் பார்த்தான். "அக்கா, நீங்க சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க, எப்ப குடுத்தீங்க?"

புர்மகான் கெட்டிலைச் சாய்த்தாள். "டீ எடுத்துக்க பெய்ஷென், ஆறிடும்" என்றாள்.

அவன் இன்னும் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மற்றவர்களோடு சேர்ந்து அவனும் சிரித்தான், தேநீரைக் குடித்தான், சீக்கிரமாகவே எழுந்து போய்விட்டான். அவன் மூட்டை மாவு வாசலிலேயே கிடந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்கக்கூட அவளுக்குத் துணிவு வரவில்லை. இமானலிதான் மடங்காத காலை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினான்.

சம்பந்திகளை வழியனுப்பிய பிறகு முற்றத்தில் பாத்திரம் கழுவும்போது அனார்குல் கூட வந்து உட்கார்ந்தாள். சுடுதண்ணீரில் இருவர் கைகளும் சிவந்தன.

"எப்ப தெரியும் உங்களுக்கு?" என்றாள் புர்மகான், தலை நிமிராமல்.

"பாலத்துலயே. வெயில் அடிக்குது, நீ மழைக்கோட்டு போத்தியிருக்க. கொம்பு உன் முட்டிக்கிட்ட முழிச்சுப் பாக்குது. ஷிரால்கான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள காலின்னுட்ட. அதுக்கு மேல நான் சொல்லியிருந்தா நீ அங்கயே செத்திருப்ப. முழுங்கிட்டேன்."

"அப்புறம் ஏன் தெருவெல்லாம் போய்ச் சொன்னீங்க, சேணம் காலின்னு?"

"நீ சொன்னதத்தான் சொன்னேன். ஆளாளுக்குக் கறி கொண்டுவந்து குடுத்தா உனக்கே தாங்காது, நீயே வெளிய எடுப்பன்னு பாத்தேன். கொஞ்சம் குத்தட்டும்னும் நினைச்சேன், இல்லங்கல. நீ எடுக்கல." அனார்குல் ஒரு தட்டை அலசிக் கவிழ்த்தாள். "சம்பந்தி முன்னாடி உன்ன விட்டுக்குடுக்க மனசு வரல. அதுக்குப் போய் அந்த அப்பாவிய குடிகாரனாக்கிட்டேன். அது பாதி என் பாவம், பாதி உன் பாவம்."

"ஒரு தொடைய எடுத்துட்டு வரேன் அக்கா. இப்பவே."

"எனக்கு வேணாம். கேக்காத கறி எனக்கு எறங்காது. நீ மொதல்ல அவன்கிட்ட போ."

புர்மகான் மறுநாள் காலையிலேயே குதிரையைத் தட்டினாள். என்ன திட்டு விழுந்தாலும் வாங்கிக்கொள்வது என்று வழியெல்லாம் தன்னைத் தயார்செய்துகொண்டு போனாள். பெய்ஷென் பட்டிக்கு வெளியே ஆடுகளுக்கு உப்புக் கட்டி வைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். முகத்தில் கோபமே இல்லை.

"அக்கா, நல்லவேளை நீங்களே வந்தீங்க. ஒண்ணு கேக்கணும். போன வருஷமா, இந்த வருஷமா? நீங்க என்ன சொல்றீங்களோ அத நம்பிக்கிறேன்."

அவள் குதிரையிலிருந்து இறங்கினாள். அவன் தொடர்ந்தான்.

"வந்ததும் எலும்பத் தேடுனேன். நாய் எங்கயோ கொண்டுபோயிடுச்சு. எங்கப்பாவுக்குக் கடைசியில இப்படித்தான் ஆச்சு, நடக்காததையெல்லாம் நடந்துச்சும்பாரு. எனக்கும் ஆரம்பிச்சுடுச்சு போலன்னு உக்காந்து யோசிச்சுக்கிட்டே இருந்தேன். இப்படித்தான் ஆகப்போகுதுன்னா குடிய எதுக்கு விட்டோம்னுகூடத் தோணுச்சு."

"இந்த வருஷம்தான்" என்றாள் புர்மகான். "உன் மண்டைக்கு ஒண்ணும் ஆகல. நான்தான் பொய் சொன்னேன். அனார்குல் அக்காவுக்குக் குடுக்க மனசில்லாம ஒளிச்சேன். நேத்து நீ கேட்டப்ப வாயத் தொறக்கல."

அவன் அப்படியே உப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்தான். "அப்பாடா" என்றான். இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "வயித்துல பால வாத்தீங்க அக்கா. இவ்வளவு தூரம் வந்து சொன்னீங்களே, ரொம்ப நன்றி."

திட்டுக்குத் தயாராக வந்தவள், நன்றிக்கு எப்படித் தயாராவது? அவள் குதிரையின் கழுத்து மயிரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் கீழ போய் எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"சொல்லாட்டியும் பரவால்ல, எனக்குத் தெரிஞ்சாச்சு." அவன் கொஞ்சம் தயங்கினான். "ஆனா நேத்து சாயங்காலம் ரெண்டு பேர் வந்துட்டுப் போனாங்க. குடிக்குற ஆள்கிட்ட ஊர் ஆட்ட விட முடியாது, வேற ஆள் பாக்கறோம்னு. அதுக்கு மட்டும் ஏதாவது சொல்ல முடியுமான்னு பாருங்க."

அவள் குதிரையை ஓட்டிய ஓட்டத்தில் கல் தெறித்தது. கடை வாசலில் வேன் வருவதற்காக ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். அவள் இறங்கவில்லை. மூச்சு வாங்க, சேணத்தில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கடா கிடைத்தது, முன்னங்காலைப் பெய்ஷெனுக்குக் கொடுத்தேன், பாலத்தில் ஒளித்தேன், இப்போதும் வீட்டில் இருக்கிறது. சொல்லி முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாத்தீங்களா அக்கா மனச" என்றாள் கடைக்காரி. "அவன் பொழப்பு போயிடக் கூடாதுன்னு பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்குறாங்க."

"நாங்க ஆட்ட அவன்கிட்டயே விட்டுடறோம் அக்கா, நீங்க இவ்வளவு தூரம் இறங்கிப் பேச வேணாம்" என்றான் ஒருவன். "ஆனா குடிக்காமப் பாத்துக்கச் சொல்லுங்க."

கடைவாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் தலையை ஆட்டினார். "புர்மகான் பொய் சொல்றதா. அதுவும் ஷிரால்காவுல. யார்கிட்டம்மா கதை விடற."

அப்படியே விட்டிருக்கலாம். ஆடு அவனிடமே இருக்கும், அவள் பேர் முன்னைவிடப் பெரிசாக இருக்கும். விட்டுவிடலாமே என்று ஒரு நொடி அவளுக்குத் தோன்றவும் செய்தது. தோன்றிய அந்த நொடியில் தன்னைப் பார்த்தே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. குதிரையை வீட்டுப் பக்கம் திருப்பினாள்.

இமானலி மாவுக் கையோடு வெளியே வந்தான். அவள் நேரே தோட்டத்துக் கோடிக்குப் போவதைப் பார்த்தான்.

"எடுக்கப் போறியா?"

"ஆமா."

"இரு, மூடிய நான் பிடிக்கிறேன்" என்றான்.

கடாவின் ரோமமெல்லாம் கிழங்கு மண். கொம்பில் ஒரு சாக்கு நூல் சுற்றியிருந்தது. அதைக் குதிரையில் ஏற்றி, மூடாமல், இந்தத் தடவை அவள் ஏறி உட்காராமல் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தாள். நல்ல வெளிச்சம். கடைவாசல் ஆட்கள் வேனை விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஆள் வந்து நின்றது. கறி கொண்டுவந்து கொடுத்த எதிர்வீட்டுப் பெண் கடாவைப் பார்த்தாள், மண்ணைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். ஸலாம் சொன்னார்கள் சிலர். சிலர் கண்டும் காணாததுமாகக் கோழியை விரட்டினார்கள். ஒருவர்கூட அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. குதிரை நிறையக் கறியோடு ஒரு வேட்டைக்காரி தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க, அதில் பங்கு கேட்க ஓர் ஆள் இல்லை. அவள் கூனிக் குறுகி நடந்தாள்.

கடைசி வீடு அனார்குலுடையது. அவள் வாசலில் நின்றிருந்தாள். புர்மகான் நிற்காமலே தாண்டப் பார்த்தாள். அனார்குல் தெருவில் இறங்கிக் குதிரையின் முன் வந்து நின்று, சேணத்தின் மேல் கையை வைத்தாள்.

"ஷிரால்கா" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

புர்மகான் கத்தியை உருவி நீட்டினாள். அனார்குல் அதை வாங்கவில்லை.

"ஒரு முன்னங்கால் கொறையுதே. எங்க போச்சு?"

"பெய்ஷெனுக்குக் குடுத்தேன்."

"எப்ப?"

"உங்கள பாலத்துல பாத்த அன்னிக்கு. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"சத்தமாச் சொல்லு. பெரியவருக்கும் காதுல விழட்டும். பாலத்துல இது எங்க இருந்துச்சு?"

"மழைக்கோட்டுக்கு அடியில" என்றாள் புர்மகான். "என் முழங்காலுக்கு அடியில இருந்துச்சு. காலின்னு சொன்னேன். உங்க ரொட்டியையும் வாங்கித் தின்னேன்."

பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அனார்குல் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "போன வருஷம்னு விருந்துல நான் சொன்னதும் பொய்தான். அந்த ஆளு சுத்தமாத்தான் இருக்கான்" என்று தன் பாதியையும் அங்கேயே போட்டு உடைத்தாள். பிறகு கத்தியை வாங்கி, தொடையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு அறுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதன் பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். அவள் அறுத்து அறுத்துக் கொடுத்தாள். யார் முகத்தையும் அவள் பார்க்கவில்லை.

ஆடுகள் பெய்ஷெனிடமே இருந்தன. சம்பந்தி வீட்டுக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது, போகாமல் இருக்குமா. ஜெய்னெப் போனில் பேசும்போதெல்லாம், "இந்த வாட்டி சேணம் எப்படி, காலியா?" என்று கேட்டுச் சிரிக்கிறாள். ஊரிலும் அது ஒரு வேடிக்கையாக நிலைத்துவிட்டது. புர்மகான் மலையிலிருந்து இறங்கினால் ஷிரால்காவுக்கு முன்னால், "மொதல்ல கோட்டத் தூக்குங்க அக்கா" என்பார்கள். அவள் இப்போது கோட்டே எடுத்துப் போவதில்லை. மழை வந்தால் நனைந்துகொண்டு வருகிறாள். அவர்கள் சிரிக்கும்போது அவளும் சிரித்துவிடுகிறாள். காது மடல் சுடும், அதோடு போகும்.

பெய்ஷென் மட்டும் அந்த வேடிக்கையைச் சொல்வதில்லை. எப்போதும் போலத் தூரத்திலிருந்தே கையைத் தூக்கி ஷிரால்கா என்கிறான். கொடுத்ததை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நன்றி அக்கா" என்கிறான். அப்போதுதான் அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரிவதில்லை.